காலிப் பாக்கெட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்

1. அந்தச் சத்தம்

குடல் ஸ்கோப் ரூமில் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. சக்‌ஷன் மெஷின் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மானிட்டர் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும், படுத்திருப்பவர் வயிறு தன் பாட்டுக்குக் கடமுடா என்று பேசிக்கொண்டிருக்கும். காற்று விட்டு விரித்துத்தான் குடலைப் பார்க்கிறோம். விட்ட காற்று வெளியே வரத்தானே செய்யும்? எங்கள் ஆட்களுக்கோ அது உயிர் போகிற கூச்சம். பாதி மயக்கத்திலும் "மன்னிச்சுக்குங்க சிஸ்டர்" என்பார்கள். "அதுக்குத்தானுங்க வந்து படுத்திருக்கறீங்க, தாராளமா உடுங்க" என்பேன் நான். ரூமே சிரிக்கும்.

அன்றைக்குக் கேட்ட சத்தம் அப்படியானதில்லை. பெரிய சத்தமும் இல்லை. மூடின பானைக்குள் பட்டாசு வெடித்த மாதிரி அமுங்கலாக ஒரு 'டொம்'. டாக்டர் காலால் பெடலை மிதித்தார், கேட்டது, அவ்வளவுதான். மயக்கத்தில் கிடந்த மனிதருக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. குடலுக்குள் விட்ட கேமராவின் டிவியில் பளிச்சென்று ஒரு வெளிச்சம், அப்புறம் சிவப்பு, அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை.

"சிஸ்டர், வயித்தத் தொட்டுப் பாருங்க" என்றார் டாக்டர். அவர் குரல் அவர் குரலாகவே இல்லை. கையை வைத்தேன். வயிறு கல்லாக இருந்தது.

என் பெயர் எஸ்தர். ஊத்துக்குளிப் பக்கம் ஊர். திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி ரூம் இன்சார்ஜ். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'பாக்கெட் சிஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நினைக்கட்டும். ஒவ்வொரு பேஷண்டிடமும் காலி மருந்துப் பாக்கெட்டைக் காட்டச் சொல்லி ஏன் இந்த அம்மா உயிரை எடுக்கிறது என்று அவர்களுக்கு எரிச்சல். ரிட்டயர் ஆவதற்குள் அந்தக் காரணத்தை எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

2. கட்டிங் மாஸ்டர்

அந்த மனிதர் பெயர் தங்கவேல். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை மேஜை நீளத்துக்கு அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க் போட்டு, மெஷின் கத்தியால் மொத்தமாக வெட்டுகிற வேலை. கத்தி கொஞ்சம் விலகினாலும் அடியில் கிடக்கிற அத்தனை துணியும் வீண். அதனால் கட்டிங் மாஸ்டர்கள் தப்பைப் பொறுக்க மாட்டார்கள். அடுத்தவர் தப்பையும் பொறுக்க மாட்டார்கள், தங்கள் தப்பை அதைவிடப் பொறுக்க மாட்டார்கள்.

மனைவி சரசு அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒரே மகன் கார்த்தி எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை.

தங்கவேலுக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று நினைத்து யாரோ கொடுத்த எண்ணெயும் லேகியமுமாக மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். கட்டிங் டேபிளிலேயே தலை சுற்றி உட்கார்ந்த பிறகுதான் சரசு எங்களிடம் இழுத்து வந்தார்.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருள் என்று பெயர், நெல்லைச் சீமைக்காரர். கை அப்படி ஒரு சுத்தம். மனதும் நல்ல மனது. பேச்சில்தான் எங்களைப் போலச் சொல்லுக்குச் சொல் 'ங்க' சேராது. அவர் ஊரில் அது சாதாரணப் பேச்சு. எங்கள் ஊர்க்காரர்கள் காதுக்கு அதுவே அதட்டல். வந்த புதிதில், "சார், கொஞ்சம் 'ங்க' போட்டுப் பேசுங்க, பேஷண்ட் எல்லாம் நடுங்கறாங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். "எனக்கு வரமாட்டேங்கு சிஸ்டர், நான் என்ன செய்ய?" என்று சிரிப்பார்.

முதல் தடவை ஸ்கோப்புக்கு வந்தபோது தங்கவேலின் குடல் சுத்தமாகவில்லை. அதற்கு நாங்கள் கொடுப்பது ஒரு பவுடர். ரெண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டும். உப்பும் வழவழப்புமாக இருக்கும். உள்ளே இருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு வந்துவிடும். தங்கவேல் பாதியைக் குடித்து, குடித்ததில் பாதியை வாந்தியெடுத்திருக்கிறார். இடது பக்கக் குடலில் சுண்டைக்காய் அளவில் காம்போடு ஒரு பாலிப், அதாவது சதை வளர்ச்சி, தெரிந்தது. அதற்கு மேலே போக வழியில்லை.

மயக்கம் தெளிந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தவரிடம் டாக்டர் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பவுடரப் பூராவும் குடிச்சியளா இல்லையா? உள்ள எல்லாம் அப்படியே கிடக்கு. இப்படி வந்தா நான் எப்படிப் பாக்க? உங்க நேரமும் போச்சு, என் நேரமும் போச்சு."

"தப்புதானுங்க சார். தப்புதானுங்க."

"அந்தச் சதைய எடுத்தாகணும். விட்டா கேன்சரா மாறும். அடுத்த வாரம் வாங்க. ஒழுங்காக் குடிச்சிட்டு வாங்க. இல்லன்னா திருப்பி அனுப்பிருவேன்."

டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் தங்கவேலின் முகம் செத்துப்போயிற்று. நெற்றியில் பட்டை திருநீறும், மடிப்புக் கலையாத சட்டையுமாக வந்த மனிதர். நாற்பது பேரை மேய்க்கிறவர். பெண்டாட்டி முன்னால், எங்கள் முன்னால், பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். வீட்டுக்குப் போய் முருகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டாராம்.

3. இனிப்பான மருந்து

அடுத்த வாரம் அவர் வீட்டில் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த வரிசையில் சொன்னால் குழம்பும், நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. சாயங்காலம் வரைக்கும் கட்டிங் டேபிளில் நின்றுவிட்டு வந்து பவுடரைக் கலக்கியிருக்கிறார். முதல் டம்ளரிலேயே குமட்டி வெளியே வந்துவிட்டது. இன்னொரு டம்ளர். அதுவும் வந்துவிட்டது. "நாளைக்கும் திருப்பி அனுப்பிச்சுருவாங்கடி, என்ற மானமே போயிரும்" என்று தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனி டெய்லர்கள் பலர் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டும். ஒருத்தி எழுந்தால் லைனே நிற்கும், சூப்பர்வைசர் முறைப்பார். அடக்கி அடக்கி எல்லோருக்கும் மலச்சிக்கல். சரசுவுக்கும் அதுதான். அதற்கு வேறொரு டாக்டர் கொடுத்த லாக்டுலோஸ் என்கிற சிரப் வீட்டில் இருந்தது. வெல்லப்பாகு மாதிரி தித்திப்பாக இருக்கும்.

"இதும் அதுக்குத்தானுங்களே, இனிப்பா வேற இருக்குது, குமட்டாது" என்று சரசு அதை எடுத்துக் கொடுத்தார். இருந்ததைக் குடித்து, மெடிக்கலில் இன்னொரு பாட்டிலும் வாங்கி வந்து குடித்தார் தங்கவேல். நன்றாகவே வேலை செய்தது. விடிவதற்குள் வெறும் தண்ணீராகப் போய்விட்டது. ரெண்டு பேருக்கும் நிம்மதி. மிச்சம் இருந்த பவுடர் குப்பைக்குப் போனது.

தப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரிகிறதா? தெரியாது. குடல் சுத்தம்தானே வேண்டும், சுத்தமாகிவிட்டதே!

அந்தச் சிரப் ஒரு வகைச் சர்க்கரை. நம் உடம்பால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் கோடிக்கணக்கில் இருக்கிற கிருமிகள் அதைத் தின்று ஹைட்ரஜனையும், சிலருக்கு மீத்தேனையும் கக்கும். தோட்டத்தில் சாண எரிவாயு அடுப்பு வைத்திருந்தவர்களுக்கு மீத்தேன் என்றால் என்ன என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுப்பு எரிகிறதே, அதேதான். மலச்சிக்கலுக்கு அந்தச் சிரப்பைக் குடிப்பதில் இந்த ஆபத்து இல்லை, லட்சம் பேர் குடிக்கிறார்கள். ஆனால் அதைக் குடித்துவிட்டு வந்து படுத்து, கரண்ட் வைத்துச் சதையை அறுக்கக் கூடாது. எங்கள் பவுடர் கிருமிக்குத் தீனி போடாது. மலத்தோடு காற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும். சிரப் குடித்த குடல் பார்வைக்குத் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், உள்ளே எரிகிற காற்று நிறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஸ்கோப்புக்கும் தெரியாது. போதாததற்கு நாங்களும் விரித்துப் பார்க்க வெளிக்காற்றை உள்ளே விடுகிறோம். கேஸ் கசிந்த சமையலறையில் தீக்குச்சி கிழிப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

4. ஆமாங்க

காலையில் தங்கவேலும் சரசுவும் வந்தார்கள். சரசு கையில் டிபன் பாக்ஸ். பட்டினியாகக் கிடந்த மனிதர் ஸ்கோப் முடிந்து வெளியே வந்ததும் சாப்பிட இட்லி. ஸ்டாஃப் நர்ஸ் பிரியா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"பவுடர் ரெண்டு லிட்டரும் குடிச்சுட்டீங்களாண்ணா?"

"ஆமாங்க."

"வாந்தி கீந்தி இல்லியே?"

"இல்லீங்க."

"கடைசியா தண்ணியாட்டப் போச்சுங்களா?"

"ஆமாங்க."

டாக்டரும் உள்ளே வந்து கேட்டார். "என்ன அண்ணாச்சி, இந்தத் தடவ பூராவும் குடிச்சாச்சா?"

"ஆமாங்க சார்."

மூன்றாவது பதிலைத் தவிர எல்லாம் பொய். ஆனால் அந்த மனிதர் பொய்யர் இல்லை. எங்கள் ஊரில் பெரியவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது. முதலாளி வந்து "இன்னைக்குள்ள முடிஞ்சுருமா?" என்றால், ரெண்டு நாள் வேலை கிடந்தாலும் "முடிஞ்சுருமுங்க" என்றுதான் சொல்வோம். மரியாதை அது. போன வாரம் திட்டு வாங்கின மனிதர் வேறென்ன சொல்லுவார்?

ஸ்கோப் உள்ளே போனதும் டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "சபாஷ் அண்ணாச்சி, கண்ணாடி மாரில்லா இருக்கு!" என்றார். பாலிப் இருக்கும் இடம் முன்பே தெரியும். முதலில் அதை எடுத்துவிட்டு அப்புறம் மேலே போய்ப் பார்க்கலாம் என்று நேராக அங்கே போய் நின்றார். முழுக் குடலையும் ஒரு தடவை போய்ப் பார்த்து, உறிஞ்சி, காற்றை மாற்றிவிட்டு வந்திருந்தால் கதை மாறியிருக்குமா? மாறியிருக்கலாம். அப்படி நினைத்து நினைத்து டாக்டர் இளைத்துப்போனார்.

ஸ்னேர் என் கையில் இருந்தது. சுருக்குக் கயிறு மாதிரி கம்பி வளையம். அதைப் பாலிப்பின் காம்பில் மாட்டி நான் இறுக்க வேண்டும், டாக்டர் பெடலை மிதித்துக் கரண்ட் கொடுப்பார், காம்பு பொசுங்கி அறுபடும். ரத்தம் வராது. நூற்றுக்கணக்கில் செய்த வேலை.

"க்ளோஸ் பண்ணுங்க சிஸ்டர்."

இறுக்கினேன். அவர் மிதித்தார்.

அதற்கப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். டாக்டர் தடுமாறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தடித்த ஊசி ஒன்றை வயிற்றில் இறக்கினார். அடைத்துக்கொண்டிருந்த காற்று சீறி வெளியே வந்தது. சர்ஜனைக் கூப்பிட்டோம். கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓ.டி.க்கு ஓடினோம். நான் அழுதுகொண்டே ஓடினேன். திறந்து பார்த்தால் குடல் ஒரு இடத்தில் அல்ல, நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிந்ததை வெட்டி எடுத்து, மிச்சத்தின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் போகப் பை மாட்டினார்கள்.

வெளியே சரசு டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் நிர்வாகி டாக்டரின் காதில், "சார், குடல்ல ஓட்டை விழறது தெரிஞ்ச காம்ப்ளிகேஷன்தானுங்க. கையெழுத்தும் வாங்கியிருக்குது. அதுக்கு மேல ஒண்ணும் பேசிக்காதீங்க" என்றார். டாக்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக சரசுவிடம் போனார்.

"அம்மா, உள்ள வாயு சேந்து இருந்திருக்கு. நான் கரண்ட் வச்சதும் தீப்பிடிச்சு வெடிச்சிட்டு. குடல் கிழிஞ்சிட்டு. ஆபரேஷன் பண்ணியிருக்கோம். என் கையிலதாம்மா நடந்தது."

சரசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க, வயித்துக்குள்ளார எப்படிங்க தீப்பிடிக்கும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த முகம் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

5. சொல்லிப்போடாதீங்க

ஐ.சி.யூ.வில் தங்கவேலுக்கு நினைவு வந்தது. மூச்சு டியூப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். மெதுவாகப் பேசினார். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கால்மாட்டில் நின்றேன்.

"அண்ணாச்சி, நான் கோவப்பட மாட்டேன். பவுடர் குடிச்ச குடல் இப்படி வெடிக்காது. நெசமாவே என்ன குடிச்சிய?"

தங்கவேல் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே எல்லாவற்றையும் சொன்னார். பவுடர், வாந்தி, சிரப், ரெண்டாவது பாட்டில்.

"அதனாலயாங்க சார்?"

டாக்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு, "ஏன் சொல்லாம விட்டிய?" என்றார்.

"போன வாட்டி வஞ்சுபோட்டீங்களேங்க. மறுக்கா திருப்பி அனுப்பிச்சுருவீங்கன்னு..." என்றார் தங்கவேல். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரலில்.

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அப்போது தங்கவேல் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், சரசுகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. அவ கையால குடுத்ததால இப்படியாச்சுன்னு தெரிஞ்சா, அவ இருக்க மாட்டாளுங்க. சத்தியமா இருக்க மாட்டா."

"சொல்ல மாட்டேனுங்க."

"கும்புடறேனுங்க."

கும்பிடக் கை தூக்க முடியவில்லை. விரல் மட்டும் அசைந்தது. சொல்ல மாட்டோம் என்று நானும் தலையாட்டினேன், ஜன்னல் பக்கம் நின்ற டாக்டரும் தலையாட்டினார்.

வயிற்றுக்குள் சிந்தின அழுக்கு ரத்தத்தில் கலந்துவிட்டது. சிறுநீர் நின்றது. அந்த வாரம் முடிவதற்குள் தங்கவேல் போய்ச் சேர்ந்துவிட்டார். வெட்டி எடுத்த குடலில் இருந்த பாலிப்பை டெஸ்டுக்கு அனுப்பியிருந்தோம். கேன்சர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நல்லபடியாக எடுத்திருந்தால் பிழைத்திருக்க வேண்டிய மனிதர்.

ஆஸ்பத்திரியில் மாற்றங்கள் வந்தன. வெளிக்காற்றுக்குப் பதிலாக கார்பன் டை ஆக்ஸைடு விடுகிற மெஷின் வந்தது. அது தீயை வளர்க்காது. கரண்ட் வைப்பதற்கு முன்னால் முழுக் குடலையும் பார்த்து, உறிஞ்சி, காற்றை மாற்ற வேண்டும் என்று டாக்டர் ரூல் போட்டார். நான் ஒரு ரூல் போட்டேன். குடித்த மருந்தின் காலிப் பாக்கெட்டைப் பேஷண்ட் கையோடு கொண்டு வர வேண்டும். 'குடிச்சீங்களா' என்று யாரும் கேட்கக் கூடாது, 'என்ன குடிச்சீங்க, காட்டுங்க' என்று கேட்க வேண்டும்.

6. சரசுவின் பை

ஒரு வருஷம் ஓடியிருக்கும். காலையில் வெயிட்டிங் ஹாலுக்கு வந்தால் முதல் நாற்காலியில் சரசு. பக்கத்தில் மகன் கார்த்தி.

"இவனுக்கும் ரத்தம் போவுதுங்க சிஸ்டர்" என்றார் சரசு. "அவங்கப்பனுக்கு இருந்ததால பாத்தே ஆகோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்க. அன்னைக்கு எங்க மூஞ்சியப் பாத்து நெசம் சொன்னது இந்த டாக்டர் ஒருத்தருதானுங்க. அதான் இங்கயே கூட்டியாந்தேன்."

நிஜம் சொன்னார் என்ற வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது. அவர்கள் ஓ.பி.க்கு வந்த அன்று நான் லீவு. பவுடர் பாக்கெட்டைக் கொடுத்து, காலியைக் கொண்டு வரச் சொல்லி பிரியா அனுப்பியிருக்கிறாள்.

"என்ன குடிச்சீங்க கார்த்தி? காட்டுங்க" என்றேன்.

சரசு மடியிலிருந்த துணிப்பையைப் பிரித்தார். உள்ளே பவுடர் பாக்கெட்டுகள், பிரிக்காமல் அப்படியே. அவற்றுக்குக் கீழே காலி சிரப் பாட்டில் ரெண்டு.

"பவுடரு வேண்டாம்னு நாந்தானுங்க சொல்லிப்போட்டேன். அவங்கப்பனுக்கு அத்தனை வாந்திங்க. இது இனிப்பா இருக்குது, நல்லாவும் போயிருதுங்க. அவருக்கும் கடைசில இதுதானுங்க குடுத்தேன்" என்று சாதாரணமாகச் சொன்னார் சரசு.

ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. தப்பென்று தெரிந்தால்தானே மறைப்பதற்கு? பாக்கெட் ரூல் இல்லாத வேறொரு இடத்துக்குப் போயிருந்தால்? இங்கேயே பிரியா "குடிச்சீங்களா" என்று கேட்டிருந்தால்? கர்த்தரே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கார்த்தியை லிஸ்டிலிருந்து எடுத்தேன். உள்ளே போய் டாக்டரிடம் பாட்டிலைக் காட்டினேன். பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லிரணும் சிஸ்டர்" என்றார். "நான் சொல்லுதேன்."

"வேண்டாமுங்க சார். அவருக்கு வாக்குக் குடுத்தது நானுங்க. நானே சொல்றேன்."

ஸ்கோப் கழுவுகிற ரூமில் வேறு யாரும் இல்லை. சரசுவை அங்கே கூட்டிப்போய், கையைப் பிடித்துக்கொண்டு, சிரப் என்ன செய்யும், பவுடர் என்ன செய்யும், அன்றைக்கு உள்ளே என்ன எரிந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

சரசு அழவில்லை. கையை உருவிக்கொண்டார்.

"அவருக்குத் தெரியுங்களா?"

"தெரியுமுங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அவருதான் கேட்டுக்கிட்டாரு."

"அவரு கேப்பாருங்க. பொண்டாட்டி அழுகக் கூடாதுன்னு கேட்டிருப்பாரு. அவருக்கென்னங்க தெரியும்? நீங்க படிச்சவங்கல்லங்க? நீங்க எதுக்குங்க சொல்லாம உட்டீங்க?" குரல் உயரவே இல்லை. அந்த நேரத்திலும் ஒரு 'ங்க' குறையவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் செத்துருக்க மாட்டேனுங்க. அழுதுருப்பேன். இன்னைக்கு இவனுக்கு அதையே ஊத்திக் குடுத்துக் கூட்டியாந்துட்டேனுங்களே."

அவர் கேட்டது சரிதான். ஸ்கோப் ரூமில் காலெடுத்து வைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். 'ஆமாங்க' என்று பதில் வருகிற கேள்வியைக் கேட்காதீர்கள். யாரையும் திட்டி அனுப்பாதீர்கள், திட்டு வாங்கினவர் அடுத்த தடவை நிஜம் சொல்ல மாட்டார். தெரிந்த நிஜத்தை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்த வீட்டில் உயிரோடு இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். அழுவார்கள். அழட்டும்.

கார்த்திக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்தோம். சரசு திரும்பி வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தார். அதே முதல் நாற்காலி. என்னைக் கண்டதும் நான் கேட்பதற்கு முன்பே பையைப் பிரித்துக் காலிப் பாக்கெட்டுகளை எடுத்து என் கையில் வைத்தார்.

"நானே கலக்கி, பக்கத்துலயே உக்காந்து குடிக்க வெச்சேனுங்க. ரெண்டு வாட்டி குமட்டினான், உடலீங்க."

"நல்லதுங்க சரசு."

"ஒரு டம்ளர் நானும் குடிச்சுப் பாத்தேனுங்க சிஸ்டர்" என்றார். "அப்படியொண்ணும் குடிக்க முடியாததில்லீங்க."

நான் பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. கார்த்தியை உள்ளே கூப்பிட்டேன்.